ஹெடரை யார் எழுதுவது? ஸ்டாட்டிக், டைனமிக் பக்கங்களுக்கு சர்வரை அமைப்பது பற்றி

ஹெடர் என்பது ஒவ்வொரு பதிலோடும் சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பு வரி. அதைப் பற்றி வந்த கேள்வியின் சாரம் இது: "எங்கள் தளத்தில் படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், சில எச்டிஎம்எல் பக்கங்கள் எல்லாம் கோப்புகளாகவே இருக்கின்றன. மற்றதை பிஎச்பி உருவாக்கித் தருகிறது. முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். அதன் அமைப்புக் கோப்பில், தளம் முழுக்கப் பொருந்தும் சர்வர் பிளாக்கில் எக்ஸ்பயர்ஸ் 30 நாள் என்றும், பாதுகாப்புக்காக நான்கு ஆட்_ஹெடர் வரிகளும் போட்டிருக்கிறேன். பிஎச்பி பக்கங்களுக்கான உள் பிளாக்கில், அதாவது பிஎச்பி லொக்கேஷனில் மட்டும் சோதனைக்காக ஒரு ஆட்_ஹெடர் கூடுதலாக இருக்கிறது. இப்போது சிஎஸ்எஸ்-ஐ மாற்றினால் பலருக்குப் பழையதே தெரிகிறது. லாக்அவுட் ஆன பிறகு பின்செல்லும் பட்டனை அழுத்தினால் கணக்குப் பக்கம் அப்படியே வருகிறது. பாதுகாப்பு ஹெடர்கள் பிஎச்பி பக்கங்களில் வருவதே இல்லை. எல்லா ஹெடரையும் ஒரே இடத்தில் போட்டு முடிக்க வழி உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் போட முடியாது. போட முயன்றதுதான் உங்கள் சிக்கலே. ஒரு பதிலைப் பற்றிய உண்மை யாருக்குத் தெரியுமோ, அவர்தான் அதன் ஹெடரை எழுத வேண்டும். லோகோ எப்போது மாறும் என்பது கோப்பை சர்வரில் வைத்தவருக்குத் தெரியும். பிஎச்பிக்கு அந்தப் படம் இருப்பதே தெரியாது. இது யாருடைய கணக்குப் பக்கம் என்பது பிஎச்பிக்குத் தெரியும். என்ஜின்எக்ஸுக்கு அது வெறும் பைட்டுகள். இரண்டு பேரும் ஒரே ஹெடரில் கை வைத்தால் யாராவது ஒருவர் எழுதியது அழியும், அல்லது இரண்டும் சேர்ந்து ஒரு குழப்பமாகப் போய்ச் சேரும். உங்கள் தளத்தில் இரண்டுமே நடக்கிறது.

அதற்கு முன் ஒன்று. கோப்பாகவே இருக்கும் ஸ்டாட்டிக், கேட்கும்போது உருவாகும் டைனமிக் என்ற பிரிவு சர்வரில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறது. பிரவுசருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஹெடர் போடும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த முகவரியில் இருக்கும் சரக்கு மாறுமா, மாறாதா? எல்லாருக்கும் ஒன்றா, ஆளுக்கு ஆள் வேறா? பிஎச்பி உருவாக்கும் 'எங்களைப் பற்றி' பக்கம் டைனமிக்தான், ஆனால் எல்லாருக்கும் ஒன்று. லாக்இன் செய்தவருக்கு மட்டும் காட்டும் பில் பிடிஎஃப் வெறும் கோப்புதான், ஆனால் ஒருவருக்கே உரியது. கோப்பு என்பதால் அதற்கும் 30 நாள் என்று போட்டால், பொது இடத்துக் கணினியில் அது 30 நாள் கிடக்கும்.

சரி, முதலில் சிஎஸ்எஸ். எக்ஸ்பயர்ஸ் 30 நாள் என்று போட்டால் என்ஜின்எக்ஸ் இரண்டு ஹெடர்களை அனுப்பும்: ஒரு தேதியுடன் எக்ஸ்பயர்ஸ், அப்புறம் சேமிப்பு (கேஷ்) விதிகளைச் சொல்லும் கேஷ்-கன்ட்ரோலில் மேக்ஸ்-ஏஜ்=2592000, அதாவது நொடிக் கணக்கில் 30 நாள். இரண்டும் இருந்தால் பிரவுசர் மதிப்பது மேக்ஸ்-ஏஜ்-ஐத்தான். அதன் பொருள், "30 நாளைக்கு என்னைக் கேட்கவே வேண்டாம்" என்பது. நீங்கள் கோப்பை மாற்றினீர்கள், ஆனால் பிரவுசர் கேட்கவே இல்லை. கேட்காதவருக்கு எப்படிச் சொல்வது? இன்றைக்கு ஹெடரைத் திருத்தினாலும், ஏற்கெனவே சேமித்து வைத்தவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. அவர்களைப் பொறுத்தவரை ஒரே வழி கோப்பின் முகவரியை மாற்றுவது.

அந்த எக்ஸ்பயர்ஸ் வரியை எடுத்துவிட்டு ஒன்றுமே போடாமல் விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கேஷ்-கன்ட்ரோலும் எக்ஸ்பயர்ஸும் இல்லாத பதிலுக்கு பிரவுசர் தானே ஒரு ஆயுளைக் கணித்துக்கொள்ள எச்டிடிபி அனுமதிக்கிறது. வழக்கமான கணக்கு, கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆனதோ அதில் 10 சதவீதம். 100 நாளாகத் தொடாத கோப்பு என்றால் அடுத்த 10 நாளுக்கு அது புதியது என்றே எடுத்துக்கொள்ளும். ஹெடரே போடவில்லையே, அப்புறம் ஏன் பழையது தெரிகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள்.

இதற்கு நிலைத்த தீர்வு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் எண் எடுத்து அதைப் பெயரிலேயே சேர்ப்பது. ஸ்டைல்.58213.சிஎஸ்எஸ் என்பது போல. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் மாறும், பெயர் மாறினால் முகவரி மாறும். அப்படி ஆன பிறகு அந்தக் கோப்புக்கு ஒரு வருடம், அதாவது மேக்ஸ்-ஏஜ்=31536000, தாராளமாகப் போடலாம். கூடவே இம்யூட்டபிள் என்ற சொல்லையும் சேருங்கள். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8246 என்ற இணையத் தர ஆவணம் அதற்கானது. ஆயுள் முடியும் வரை, பயனர் ரீலோட் அழுத்தினாலும் போய்க் கேட்க வேண்டாம் என்பது அதன் பொருள். தெரியாத பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது, நஷ்டமில்லை. ஹாஷ் பெயர் இல்லாத கோப்புக்கு மட்டும் இதை எக்காரணம் கொண்டும் போட வேண்டாம்.

ஹாஷ் பெயர்களைச் சுட்டுவது எச்டிஎம்எல் பக்கம். ஆகவே அது எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். அதற்கு நோ-கேஷ். இந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று பொருள் இல்லை. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்று பொருள். சேமிக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர். நோ-கேஷ் போட்ட பக்கத்துக்கு பிரவுசர் பதிப்பின் அடையாளமான ஈடேக்கையோ, கடைசியாக மாறிய லாஸ்ட்-மாடிஃபைட் தேதியையோ காட்டி "இன்னும் இதுதானா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்று ஒரு சிறு பதில், அவ்வளவுதான். கோப்புகளுக்கு இந்த இரண்டையும் என்ஜின்எக்ஸ் தானாகவே அனுப்புகிறது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடம் முன்பு ஒரு தளத்தில் எல்லாக் கோப்புக்கும் ஒரு வருடம் என்று போட்டேன். 'எல்லாக் கோப்பிலும்' முகப்புப் பக்கமும் அடங்கும் என்பது உறைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வடிவமைப்பு மாறியது. பழைய முகப்பு பழைய கோப்புகளைக் கேட்டது, நாங்களோ அவற்றை அழித்துவிட்டிருந்தோம். அடிக்கடி வரும் வாசகர்களுக்குத்தான் தளம் உடைந்து தெரிந்தது; புதிதாக வந்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. அலுவலகத்தில் யாராலும் அந்தக் கோளாறை வரவழைத்துப் பார்க்கவே முடியவில்லை, காரணம் நாங்கள் எல்லாரும் டெவலப்பர் கருவியில் கேஷை அணைத்து வைத்திருந்தோம்.

ஆகவே புதிய பதிப்பை ஏற்றும்போது ஹாஷ் பெயர் கொண்ட கோப்புகள் முதலில், எச்டிஎம்எல் கடைசியில். பழைய கோப்புகளை உடனே அழிக்காமல் சில நாள் விட்டு வையுங்கள். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. என்ஜின்எக்ஸில் ஆட்_ஹெடர் வரியின் கடைசியில் ஆல்வேஸ் என்ற சொல்லைச் சேர்த்தால் பிழைப் பதில்களுக்கும் அந்த ஹெடர் போகும். சேர்க்காவிட்டால் 200, 301, 302, 304 போன்ற சில பதில் எண்களுக்கு மட்டும்; 404 (பக்கம் இல்லை), 500 (சர்வர் பிழை) ஆகியவற்றுக்குப் போகாது. பாதுகாப்பு ஹெடர்களுக்கு ஆல்வேஸ் வேண்டும். ஒரு வருடக் கேஷ்-கன்ட்ரோலுக்கு அது கூடவே கூடாது. கோப்பு வந்து சேர்வதற்கு ஒரு நொடி முன்னால் ஒருவர் கேட்டு 404 வாங்கினால், அந்த 404-ஐயே ஒரு வருடம் வைத்துக்கொள் என்று நீங்களே சொன்னதாக ஆகும். நடுவில் பலருக்கும் பொதுவாகச் சேமித்துத் தரும் சிடிஎன் இருந்தால் அவர் ஒருவருக்கு வந்த வினை ஊருக்கே வரும்.

அடுத்தது, பிஎச்பி பக்கங்களில் பாதுகாப்பு ஹெடர் காணாமல் போவது. என்ஜின்எக்ஸின் விதி இது: உள்ளே இருக்கும் பிளாக்கில் ஒரு ஆட்_ஹெடர்கூட இல்லை என்றால்தான் வெளியே இருப்பவை அதற்கு இறங்கி வரும். ஒன்றே ஒன்று எழுதினாலும் வெளியே இருந்த நான்கும் அந்த இடத்துக்கு இல்லை என்று ஆகிவிடும். உங்கள் பிஎச்பி லொக்கேஷனில் சோதனைக்காகப் போட்ட அந்த ஒரு வரிதான் குற்றவாளி. அதை எடுத்துப் பாருங்கள், நான்கும் திரும்பி வரும். இது பிழை அல்ல, ஆவணத்தில் எழுதியே இருக்கிறது. ஆனால் படித்தவுடன் யாருக்கும் உறைப்பதில்லை. நடைமுறை வழி, பாதுகாப்பு ஹெடர்களைத் தனிக் கோப்பாக வைத்து, ஆட்_ஹெடர் எழுதும் ஒவ்வொரு லொக்கேஷனிலும் இன்க்ளூட் செய்வது. அழகாக இல்லைதான், ஆனால் ஏமாற்றாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: எந்த லொக்கேஷனின் ஹெடர் போகும்? கோரிக்கை கடைசியில் எந்த லொக்கேஷனில் போய் முடிகிறதோ, அதனுடையது. கோப்பைத் தேடும் ட்ரை_ஃபைல்ஸ் வரி அதைக் காணாமல் இன்டெக்ஸ்.பிஎச்பிக்கு அனுப்பினால் அது உள்ளுக்குள்ளேயே ஒரு புதுத் திசைமாற்றம்; அங்கிருந்து பிஎச்பி லொக்கேஷனின் ஹெடர்தான் செல்லும், முதலில் பொருந்திய லொக்கேஷனுடையது செல்லாது. சாய்கோட்டில் முடியும் முகவரிக்கு இன்டெக்ஸ் கோப்பைத் தேடும்போதும் இதே கதை. "சரியான இடத்தில்தானே எழுதியிருக்கிறேன், ஏன் வரவில்லை" என்பவர்கள் இதைப் பாருங்கள்.

இனி, லாக்அவுட் செய்த பிறகும் வரும் கணக்குப் பக்கம். மூன்றில் ஆபத்தானது இதுதான்.

பிஎச்பியில் செஷன் (வருபவரை நினைவில் வைக்கும் ஏற்பாடு) தொடங்கினால் இயல்பாகவே மூன்று ஹெடர்கள் கிளம்பும். கேஷ்-கன்ட்ரோலில் நோ-ஸ்டோர், நோ-கேஷ், மஸ்ட்-ரீவேலிடேட். பழைய ஹெடரான பிராக்மாவில் நோ-கேஷ். எக்ஸ்பயர்ஸில் ஒரு விசித்திரத் தேதி: 1981 நவம்பர் 19, வியாழன், 08:52. உலகமெங்கும் பிஎச்பி பக்கங்கள் அந்த வியாழக்கிழமையைத்தான் சுமந்து திரிகின்றன. கடந்துபோன எந்தத் தேதியாக இருந்தாலும் வேலை நடக்கும்; எழுதியவர் அதைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு அது ஒரு நல்ல அடையாளக் குறி. செஷன் உள்ள பக்கத்தின் ஹெடரைப் பார்க்கும்போது அந்த 1981 இல்லை என்றால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் கை வைத்தது நீங்கள் போட்ட எக்ஸ்பயர்ஸ் 30 நாள். ஆட்_ஹெடரும் எக்ஸ்பயர்ஸும் ஒன்று போலத் தெரிந்தாலும் குணம் வேறு. ஆட்_ஹெடர் கேஷ்-கன்ட்ரோலுக்கு இன்னொரு வரியைச் சேர்க்கும். பிஎச்பி அனுப்பியது பக்கத்திலேயே இருக்கும். எக்ஸ்பயர்ஸ் அப்படி இல்லை, பின்னாலிருந்து வந்த கேஷ்-கன்ட்ரோலை அழித்துவிட்டுத் தன் மேக்ஸ்-ஏஜ்-ஐ எழுதும். ஆட்_ஹெடர் போல இது உள்ளே போகப் போக உதிர்வதும் இல்லை, உள் பிளாக்கில் வேறு எக்ஸ்பயர்ஸ் இல்லாத வரை நேராக இறங்கும். ஆக, பிஎச்பி "சேமிக்காதே" என்று சொல்லி அனுப்பிய கணக்குப் பக்கம் "30 நாள் வைத்துக்கொள்" என்ற முத்திரையோடு வெளியே போகிறது. பிராக்மா மட்டும் அழியாமல் மிஞ்சியிருக்கும், ஆனால் கேஷ்-கன்ட்ரோல் இருக்கும் இடத்தில் அதை யாரும் மதிப்பதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியில் மாட்-எக்ஸ்பயர்ஸ் என்ற பகுதி இந்த விஷயத்தில் பணிவானது: பதிலில் ஏற்கெனவே எக்ஸ்பயர்ஸ் இருந்தால் அது தொடாது. அங்கே வேறொரு தொல்லை. ஹெடர் செட், ஹெடர் ஆல்வேஸ் செட் இரண்டும் தனித்தனிப் பட்டியல்களில் எழுதுகின்றன. ஒரே ஹெடரை இரண்டிலும் எழுதினால் இரண்டு தரம் போகும். அப்பாச்சிக்காரர்கள் செட்-இஃப்-எம்ப்டி என்பதைப் பழகிக்கொள்ளலாம். செயலி எதுவும் சொல்லவில்லை என்றால் மட்டும் நான் சொல்கிறேன் என்ற நாகரிகம் அதில் இருக்கிறது.

அதே நாகரிகத்தை என்ஜின்எக்ஸிலும் கொண்டுவரலாம். ஒரு மாறியின் மதிப்பைப் பொறுத்து இன்னொரு மாறியை அமைக்கும் மேப் பிளாக் ஒன்று எழுதி, பின்னாலிருந்து வந்த கேஷ்-கன்ட்ரோலைக் கொண்ட அப்ஸ்ட்ரீம்_எச்டிடிபி_கேஷ்_கன்ட்ரோல் என்ற மாறியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் உங்கள் மாறிக்கு பிரைவேட், நோ-கேஷ் என்ற மதிப்பு. காலியாக இல்லையென்றால் உங்கள் மாறி காலி. பிறகு பிஎச்பி லொக்கேஷனில் ஆட்_ஹெடர் கேஷ்-கன்ட்ரோலுக்கு அந்த மாறியைக் கொடுங்கள். மதிப்பு காலியான ஹெடரை என்ஜின்எக்ஸ் அனுப்பாது. ஆகவே பிஎச்பி வாய் திறந்தால் பிஎச்பி சொன்னது, திறக்காவிட்டால் பாதுகாப்பான ஒரு இயல்பு மதிப்பு. மறக்காமல் அந்த லொக்கேஷனில் பாதுகாப்பு ஹெடர் கோப்பையும் இன்க்ளூட் செய்யுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன குழியில் மறுபடி விழுவீர்கள். எக்ஸ்பயர்ஸ் வரியை சர்வர் பிளாக்கிலிருந்து எடுத்து, ஹாஷ் பெயர் கோப்புகள் இருக்கும் லொக்கேஷனுக்குள் மட்டும் வையுங்கள்.

செய்தவுடன் 1981 திரும்பி வரும். பின்செல்லும் பட்டன் கோளாறும் புதிதாக வருபவர்களுக்குத் தீரும். ஏன் நோ-கேஷ் போதாது என்று கேட்கலாம். பின்செல்லும்போது பிரவுசர் காட்டுவது வரலாறு, புதுக் கோரிக்கை அல்ல. ஏற்கெனவே பார்த்த பக்கத்தை ஆயுள் முடிந்திருந்தாலும் காட்டலாம் என்று எச்டிடிபி விதியே இடம் கொடுக்கிறது. சேமித்தே வைக்காதே என்றால்தான் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் கணக்கு, பணம், மருத்துவ விவரம் போன்ற பக்கங்களுக்கு நோ-ஸ்டோர். லாக்அவுட் பதிலில், தளம் சேமித்ததை அழிக்கச் சொல்லும் க்ளியர்-சைட்-டேட்டா ஹெடரையும் அனுப்பலாம். அதன் மதிப்பு இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரவுசர் பேசாமல் விட்டுவிடும்.

ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் நோ-ஸ்டோர் என்று அடித்து விடாதீர்கள். பயனர் பட்டியலிலிருந்து ஒரு கட்டுரைக்குப் போய்த் திரும்பினால் பக்கம் நொடியில் வருவது, பிரவுசர் அதை நினைவில் அப்படியே உறைய வைப்பதால்தான். நோ-ஸ்டோர் அந்த வசதிக்கு இடைஞ்சல். பிஎச்பியோ செஷன் தொடங்கிய எல்லாப் பக்கத்துக்கும் அதை ஒட்டிவிடுகிறது. பொதுப் பக்கங்களில் செஷன் தொடங்கும் முன், அந்த ஹெடர்களை ஒட்டும் செஷன் கேஷ் லிமிட்டரைக் காலி மதிப்பால் அணைத்துவிட்டு, கேஷ்-கன்ட்ரோலை நீங்களே எழுதுங்கள். அதைவிட நல்லது, தேவையில்லாத பக்கத்தில் செஷனையே தொடங்காமல் இருப்பது.

சேமிப்பு பிரவுசரில் மட்டும் நடந்தால் பாதிப்பு ஒருவரோடு முடியும். நடுவில் பலருக்கும் பொதுவான கேஷ் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 கிறிஸ்துமஸ் நாளில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடைக்கு நடந்தது போதும். சேவையை முடக்கும் தாக்குதல் ஒன்று வந்தது. சமாளிக்க அவசரமாகக் கேஷ் விதிகளை மாற்றினார்கள். மாற்றிய விதிகளில் ஒன்று லாக்இன் செய்தவர்களின் பக்கங்களையும் சேமித்து அடுத்தவருக்குக் கொடுத்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய 34,000 பேரின் விவரங்கள் மற்றவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. யாரும் எதையும் உடைத்து நுழையவில்லை. ஒருவருடைய பக்கம் பொதுப் பக்கம் போல நடத்தப்பட்டது, அவ்வளவுதான். பிரைவேட் என்ற ஒரு சொல் இதற்காகத்தான் இருக்கிறது: பிரவுசர் வைத்துக்கொள்ளலாம், நடுவில் இருப்பவர் வைத்துக்கொள்ளக் கூடாது. குக்கியைப் பதியும் செட்-குக்கி ஹெடர் போகும் எந்தப் பதிலும் குறைந்தது பிரைவேட்டாக இருக்கட்டும். என்ஜின்எக்ஸின் சொந்தக் கேஷ் செட்-குக்கி உள்ள பதிலை இயல்பாகச் சேமிக்காது. எல்லாக் கேஷும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

எல்லாருக்கும் ஒன்றான பிஎச்பி பக்கங்களுக்கு எஸ்-மேக்ஸ்ஏஜ் கைகொடுக்கும். அது பொதுக் கேஷுக்கு மட்டுமான ஆயுள். மேக்ஸ்-ஏஜ்=0, எஸ்-மேக்ஸ்ஏஜ்=60 என்று போட்டால் சிடிஎன் ஒரு நிமிடம் வைத்திருக்கும், பிரவுசர் ஒவ்வொரு முறையும் கேட்கும். ஒரே நிமிடத்தில் ஆயிரம் பேர் வந்தாலும் பிஎச்பி ஓடுவது ஏறக்குறைய ஒரு தரம்தான்.

வேரி ஹெடரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே முகவரிக்கு எந்தக் கோரிக்கை ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்று அது சொல்கிறது. ஜிஜிப் சுருக்கம் போட்டால் அக்செப்ட்-என்கோடிங் அதில் இருக்க வேண்டும்; என்ஜின்எக்ஸில் ஜிஜிப்_வேரி இயல்பாக அணைந்தே இருக்கிறது, இயக்கிவிடுங்கள். கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஆரிஜினைப் பார்த்து அதையே திருப்பி அனுமதிப்பதாக இருந்தால் ஆரிஜின் இருக்க வேண்டும். பிரவுசரின் அடையாள வரியான யூசர்-ஏஜென்ட் வேண்டாம், ஆளுக்கொரு யூசர்-ஏஜென்ட் இருப்பதால் கேஷ் சல்லி சல்லியாக உடையும்.

பாதுகாப்பு ஹெடர்களிலும் யார் எழுதுவது என்ற கேள்வி வருகிறது. நோஸ்னிஃப் (கோப்பு வகையை ஊகிக்காதே), ரெஃபரர்-பாலிசி (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை எவ்வளவு சொல்வது), எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் வா) இவை தளம் முழுக்க ஒன்று. சர்வர் எழுதட்டும், செயலி தொடாமல் இருக்கட்டும். செயலியின் ஃப்ரேம்வொர்க் அடம்பிடித்து அனுப்பினால் ஃபாஸ்ட்சிஜிஐ_ஹைட்_ஹெடர் போட்டு அதை மறைத்துவிட்டு உங்களுடையதை அனுப்புங்கள். இரட்டிப்பாகப் போனால் சிலது சும்மா இருக்கும், சிலது கடிக்கும். பிற தளங்களுக்கு அனுமதி தரும் அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் இரண்டு தரம் போனால் பிரவுசர் பதிலையே நிராகரிக்கும். பக்கத்தில் எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்பது போன்றவற்றைச் சொல்லும் சிஎஸ்பி இரண்டு போனால் இரண்டும் அமலாகும்: இரண்டுமே அனுமதித்தது மட்டும் ஓடும். ஒன்றைத் தளர்த்த இரண்டாவதாக ஒன்று சேர்ப்பது நடக்கவே நடக்காத காரியம்.

சிஎஸ்பிக்குத்தான் ஸ்டாட்டிக், டைனமிக் வேறுபாடு உண்மையிலேயே தேவைப்படுகிறது. பக்கத்துக்குள் எழுதிய ஸ்கிரிப்டை அனுமதிக்க இரண்டு வழி உண்டு, நான்ஸ், ஹாஷ். நான்ஸ் என்பது ஒவ்வொரு பதிலுக்கும் புதிதாகப் பிறக்க வேண்டிய எண். பக்கத்திலும் ஹெடரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை பிஎச்பிதான் எழுத முடியும். கோப்பாகக் கிடக்கும் பக்கத்தில் நான்ஸ் எழுதினால் அது எல்லாருக்கும் தெரிந்த பூட்டுச்சாவி. அங்கே ஸ்கிரிப்டின் ஹாஷை சர்வர் ஹெடரில் எழுதுங்கள். நான்ஸ் உள்ள பிஎச்பி பக்கத்தைப் பொதுக் கேஷில் வைத்தாலும் இதே நிலைதான். ஆகவே சிஎஸ்பியை மட்டும் பொது இன்க்ளூட் கோப்பில் வைக்காதீர்கள்: ஸ்டாட்டிக் லொக்கேஷனில் என்ஜின்எக்ஸ், மற்றதில் பிஎச்பி. முதலில் ரிப்போர்ட்-ஒன்லி வடிவத்தில் விட்டு, எதெல்லாம் முறிகிறது என்று பார்த்துவிட்டு அமலாக்குங்கள்.

எச்எஸ்டிஎஸ்-ஐ 300 நொடியில் தொடங்குங்கள். துணை டொமைன்களையும் சேர்க்கும் சொல்லை ஒட்டுமுன், சான்றிதழ் இல்லாமல் எங்காவது ஒரு பழைய துணை டொமைன் ஓடுகிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது பிரவுசர்களுக்கு எட்டாமல் போகும். பின்வாங்க மேக்ஸ்-ஏஜ்=0 அனுப்ப வேண்டும், அதுவும் எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே செல்லும். பழைய பாதுகாப்பு ஹெடரான எக்ஸ்-எக்ஸ்எஸ்எஸ்-புரொடெக்ஷனைத் தூக்கிவிடலாம்; குரோம் அந்த வசதியை 2019-இலேயே நீக்கியது.

தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், வகையையும் எழுத்துமுறையையும் சொல்லும் கன்டென்ட்-டைப்பைப் பாருங்கள். என்ஜின்எக்ஸில் கேரக்டர் செட் இயல்பாக அணைந்திருக்கும். யுடிஎஃப்-8 என்று எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் அது பொருந்தும் வகைகளின் இயல்புப் பட்டியலில் எச்டிஎம்எல், வெறும் உரை, ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை உண்டு, சிஎஸ்எஸ் இல்லை. நீளமான சிஎஸ்பியும் கொத்தாகக் குக்கிகளும் அனுப்பும் பிஎச்பி பக்கம் திடீரென்று 502 கொடுத்தால், பிழைப் பதிவில் அப்ஸ்ட்ரீம் (இங்கே பிஎச்பி) மிகப் பெரிய ஹெடர் அனுப்பியதாக வரி இருக்கும். பஃபர் அளவு இயல்பாக 4 அல்லது 8 கிலோபைட்தான், ஃபாஸ்ட்சிஜிஐ_பஃபர்_சைஸைக் கூட்டுங்கள்.

சோதிக்கும்போது கர்ல் என்ற கட்டளைக் கருவியில் பெரிய ஐ (-I) தெரிவை நம்பி ஏமாறாதீர்கள். அது அனுப்புவது உடல் இல்லாமல் ஹெடரை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கை; சில செயலிகள் ஹெட்டுக்கு ஒரு விதமாகவும் கெட்டுக்கு ஒரு விதமாகவும் பதில் தரும். சாதாரண கெட் அனுப்பி, ஹெடரை மட்டும் திரையில் கொட்டி, உடலை எறிந்துவிடச் சொல்லுங்கள். ஐந்து முகவரிகள் போதும்: ஹாஷ் பெயர் கோப்பு ஒன்று, முகப்பு, செஷன் குக்கியோடு கணக்குப் பக்கம், இல்லாத முகவரி ஒன்று, திசைமாற்றும் முகவரி ஒன்று. கடைசியை யாரும் பார்ப்பதில்லை. ஆயுள் சொல்லாத 301-ஐ (நிரந்தரத் திசைமாற்றம்) பிரவுசர் நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்குத் திருப்பிவிட்டால் அந்த வாசகரைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. அதற்கும் ஒரு மேக்ஸ்-ஏஜ்=3600 எழுதி வையுங்கள்.